தம்பிக்குக் கப்பலில் கை முறிந்தது, பேப்பரில் 'முதலுதவி' என்று எழுதியிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது?

கடியபட்டணம் அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி ஒரு பல்க் கேரியரில் (நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கு ஏற்றும் கப்பல்) ஓ.எஸ். (கடைநிலை டெக் ஆள்) ஆகப் போயிருந்தான். கப்பலைப் பதிந்தது மார்ஷல் தீவுகளில், அதனால் அந்த நாட்டுக் கொடி, முதலாளி வேறு நாட்டுக்காரர், ஆள் எடுத்தது மும்பை ஏஜென்ட். ரெண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பலைக் கட்டும்போது பின்பக்க ரோப் அறுந்து வலது முன்கையில் அடித்துவிட்டது. ரெண்டு எலும்பும் முறிவு. அங்கேயே ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கட்டு மாற்ற நாகர்கோவில் போய் வருகிறோம்.

நேற்று ஏஜென்ட் ஒரு பேப்பர் அனுப்பினார். 'முதலுதவி அளிக்கப்பட்ட சிறு காயம்' என்றும், தம்பி நிற்கக் கூடாத இடத்தில் நின்றதால் நேர்ந்தது என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் ஒரு தொகை உடனே வருமாம். தம்பி சொல்வது வேறு. நிற்கச் சொன்ன இடத்தில்தான் நின்றானாம், அந்த ரோப் நைந்து கிடந்ததைக் கப்பலின் போசன் (டெக் ஆட்களுக்கு மேஸ்திரி) சீஃப் ஆபீசரிடம் முன்னாடியே சொல்லியிருக்கிறாராம்.

கடலோரக் காவல் நிலையத்தில் போய்க் கேட்டோம். வெளிநாட்டில் நடந்தது எங்களிடம் வராது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா 'வம்பு வேண்டாம், அடுத்த காண்ட்ராக்ட் கிடைக்காமல் போயிரும், போட்டுக்கொடு' என்கிறாள். என்ன செய்யலாம்?

இனயம் போசன்:

மக்களே, கையெழுத்து வேண்டாம். வலது கை கட்டில் இருக்கிறது என்று இடது கைப் பெருவிரல் ரேகை கேட்பார்கள், அதுவும் வேண்டாம்.

நான் போசனாகவே ஓய்வு பெற்றவன். டேங்கர், பல்க், கார் கேரியர் எல்லாம் பார்த்தாச்சு. முதலுதவி என்று எழுதினால் கம்பெனியின் வருடக் கணக்கில் அது விபத்தாகவே ஏறாது. சரக்குக்காரன் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கப்பலை எடுக்கிறான், அதனால்தான் இந்த ஆசை. ஆனால் ஐ.எம்.ஓ.வின் (கப்பல் போக்குவரத்துக்கான ஐ.நா. அமைப்பு) விபத்து விசாரணைத் தொகுப்பு என்று ஒன்று 2010 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அடிபட்ட ஏழு நாளுக்குள் தொடங்கி 72 மணி நேரத்துக்கு மேல் ஒருவன் வழக்கம்போல இயங்க முடியாமல் போனால், அதன் கணக்கில் அது பலத்த காயம். பிளேட் வைத்த கை மூணு நாளில் ரோப் இழுக்குமா? கப்பல் வேலையில் பலத்த காயம் பட்டால் அது கடல் விபத்துத்தான். கேப்டன் என்ன பெயர் வைத்தாலும் சரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆள் இறந்தாலோ, கப்பலே போய்விட்டாலோ, பெரிய அளவில் கடல் மாசுபட்டாலோதான் கொடி நாடு கட்டாயம் விசாரிக்க வேண்டும். கை முறிவுக்கு விசாரணை வைப்பதும் வைக்காததும் அவர்கள் இஷ்டம். மனு போய்ச் சேராவிட்டால் இஷ்டத்துக்கே இடமில்லை.

நம்ம ஆட்கள் குழம்புவது இதற்கு அடுத்த இடத்தில். காசு கேட்கிற கதவு ஒன்று, ரோப் ஏன் அறுந்தது என்று கேட்கிற கதவு இன்னொன்று. விசாரணைக்காரன் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு எழுத மாட்டான், காசும் வாங்கித் தர மாட்டான். அடுத்தவன் கை போகக் கூடாது என்பதற்காக நடப்பது அது. ஏஜென்டோ ரெண்டையும் ஒரே பேப்பரில் முடித்துவிடப் பார்க்கிறார்.

ரோப் விஷயத்துக்கு ஒரே கடிதம், மூன்று பேருக்கு. ஒன்று, கம்பெனியின் டி.பி.ஏ., அதாவது கப்பல் பாதுகாப்புக்குக் கரையில் பொறுப்பான ஆள். ஐ.எஸ்.எம். என்ற கப்பல் பாதுகாப்பு விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலும் கரையில் அப்படி ஓர் ஆள் இருக்க வேண்டும். அவர் பெயரும் நம்பரும் கப்பலில் மெஸ் ரூம் பக்கம் ஒட்டியிருக்கும், தம்பி போனில் போட்டோ இருக்கிறதா பார். ரெண்டு, கொடி நிர்வாகம். மார்ஷல் தீவுகள் என்றதும் பசிபிக்கில் தேடாதே, அந்தக் கொடியின் நிர்வாக அலுவலகம் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டனில் இருக்கிறது. மூன்று, மும்பை டி.ஜி. ஷிப்பிங், கப்பல் துறைக்கான மத்திய அரசு அலுவலகம். தன் குடிமகனுக்குப் பலத்த காயம் பட்டால் அந்த நாடும் விசாரணையில் அக்கறையுள்ள நாடு என்று அதே தொகுப்பு சொல்கிறது. ஆகவே இந்தியாவுக்கு இதில் வேலை இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. தபாலை நம்பாமல் நேரில் கொடுக்க நினைத்தால் தூத்துக்குடியில் அவர்களுடைய கிளையான எம்.எம்.டி. அலுவலகம் இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. நம்பர் (கப்பலின் நிரந்தர எண்), துறைமுகம், தேதி, கப்பல் நேரம், எந்த ரோப், ரோப் இழுக்கும் வின்ச் யந்திரத்தில் யார், யார் என்ன ஆர்டர் கொடுத்தார், தம்பி எங்கே நின்றான். ஒரு பக்கம் போதும். தம்பியே ஒரு படம் வரையட்டும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

காசுக் கதவுக்கு எம்.எல்.சி. என்ற கடல் தொழிலாளர் சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2015-ல் அதில் சேர்ந்தது, மார்ஷல் தீவுகள் அதற்கும் முன்னாடியே. அடிபட்ட நாளிலிருந்து குறைந்தது 16 வாரத்துக்கு வைத்தியச் செலவும், வீட்டுக்கு வந்த பிறகும் அதே காலத்துக்குச் சம்பளமும் (முழுதாகவோ ஒரு பகுதியாகவோ) கப்பல் முதலாளி பொறுப்பு. அதற்கு முன்பே குணமாகிவிட்டால் அதுவரை. விபத்தால் நிரந்தர ஊனம் ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள தொகையை விடக் குறைத்து வாங்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்று 2017-ல் நடப்புக்கு வந்த திருத்தம் சொல்கிறது. கை எவ்வளவு தேறும் என்று எலும்பு டாக்டருக்கே இப்போது தெரியாது. அதற்குள் ஏஜென்டுக்கு என்ன அவசரம்?

செகண்ட் மேட், நாகர்கோவில்:

போசன் சொன்னது சரி. அவசரமான ஒன்றைச் சேர்க்கிறேன். பிரிட்ஜில் வி.டி.ஆர். என்ற பதிவுப் பெட்டி இருக்கும். மூரிங் (கப்பலைக் கட்டும்) நேரத்தில் பின்பக்கத்துக்கும் பிரிட்ஜுக்கும் வாக்கிடாக்கியில் பேசுவது பிரிட்ஜ் மைக்கில் விழுந்து அதில் பதிவாகும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்திய பெட்டி என்றால் அதன் நீண்டகாலப் பதிவில் குறைந்தது 30 நாள் நிற்கும், அப்புறம் மேலே மேலே எழுதிக்கொண்டு போய்விடும். ரெண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. 'பதிவை எடுத்துப் பாதுகாத்து வையுங்கள்' என்று இன்று ராத்திரியே டி.பி.ஏ.வுக்கு மெயில் போடுங்கள். அவர்கள் எடுத்து வைக்காவிட்டாலும், கேட்ட தேதி உங்கள் கையில் இருக்கும்.

ரோப் பற்றி: 2024 ஜனவரி 1 முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி பழைய கப்பல், புதிய கப்பல் எல்லாவற்றிலும் மூரிங் ரோப்பைச் சோதித்து, பராமரித்து, அதைப் பதிந்து வைக்க வேண்டும். அந்த ரோப்பின் சான்றிதழ், கடைசியாகச் சோதித்த தேதி, பழுது என்று எழுதியிருந்ததா, இந்த மூன்றையும் கடிதத்தில் கேள்வியாகவே கேளுங்கள். அறுந்த துண்டைக் கடலில் போடாமல் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

இனயம் போசன்:

இந்த வி.டி.ஆர். நாள் கணக்கு நல்ல விஷயம் தம்பி. 'நிற்கக் கூடாத இடம்' என்று எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வாய்? எங்கள் காலத்தில் டெக்கில் மஞ்சள் கோடு போட்டிருப்போம், கோட்டுக்குள் நின்றால் நின்றவன் தப்பு.

செகண்ட் மேட், நாகர்கோவில்:

இப்போது அந்தக் கோட்டை நம்பாதே என்கிறார்கள் அண்ணே. ரோப் எங்கே திரும்புகிறது, எங்கே அறுகிறது என்பதைப் பொறுத்து அடி எங்கே வேண்டுமானாலும் விழலாம், அதனால் மூரிங் டெக் முழுவதையுமே ஆபத்தான இடமாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 2015-ல் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவனில் சார்கா என்ற எரிவாயுக் கப்பலில், பின்னுக்கு வீசாது என்று பெயர் வாங்கிய உயர்ரக ரோப் அறுந்து டெக் ஆபீசர் ஒருவருக்குத் தலையில் பலத்த காயம். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவான எம்.ஏ.ஐ.பி. விசாரித்து அறிக்கையே வெளியிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நின்ற இடத்தை மட்டும் காரணமாக எழுதுவது சோம்பேறி ரிப்போர்ட்.

அப்புறம், நைந்த ரோப்பைச் சொன்ன அந்தப் போசன் இன்னும் கப்பலில்தானே இருப்பார்? அவர் பெயரைக் கடிதத்தில் போடும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். அவருக்குப் பயம் இருந்தால் பிரிட்டனில் சிர்ப் என்ற அமைப்பு இருக்கிறது. சொன்னவர் யார் என்பதை வெளியே விடாமல் கப்பல்காரர்களின் புகாரை வாங்கிக்கொள்வார்கள். நஷ்டஈடெல்லாம் அங்கே கிடைக்காது.

கடியபட்டணம் அக்கா:

ரெண்டு பேருக்கும் நன்றி அண்ணே. டி.பி.ஏ. நம்பர் தம்பி போனில் இருந்தது, ஃபயர் பிளான் பக்கத்தில் நின்று எடுத்த செல்ஃபியில் பின்னால் தெரிகிறது! மெயில் அனுப்பிவிட்டோம். அம்மாவின் பயம்தான் போகவில்லை. புகார் கொடுத்தவன் என்று பெயர் எடுத்தால் வேலை தர மாட்டார்கள் என்கிறாள். அது நிஜமா?

தூத்தூர் விசைப்படகு:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்களுக்கு டி.பி.ஏ. எல்லாம் கிடையாது. கப்பல் வந்து படகை இடித்துவிட்டுப் போனால் யாரிடம் சொல்ல? 2021 ஏப்ரலில் மங்களூர்க் கடலில் பேப்பூர்ப் படகு ராபாவும் சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் ஏ.பி.எல். லெ ஹாவரும் மோதியதில் 14 பேரில் 2 பேரைத்தான் உயிரோடு எடுத்தார்கள். அந்தப் படகில் நம்ம தமிழ் ஆட்களும் வங்காளத்துக்காரர்களும் இருந்தார்கள்.

இனயம் போசன்:

தூத்தூர்த் தம்பிக்கு முதலில். போன் எடுக்கிற தூரத்தில் இருந்தால் 1554, கோஸ்ட் கார்டு. ஆழ்கடல் என்றால் வி.எச்.எஃப். சேனல் 16. ஜி.பி.எஸ்.ஸில் அந்த இடத்தை உடனே மார்க் செய்து வை, நேரத்தை எழுது, கப்பலின் பின்பக்கத்துப் பெயரும் நிறமும் தெரிந்தவரை குறித்துக்கொள். இடமும் நேரமும் கிடைத்தால் ஏ.ஐ.எஸ். (கப்பல் தான் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் கருவி) பதிவை வைத்து அந்த நேரம் அங்கே எந்தக் கப்பல் போனது என்று தேட முடியும். இதற்குத் தனி இழை போடு, பேச நிறைய இருக்கிறது.

இனி அக்காவுக்கு. புகார் சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று எம்.எல்.சி.யில் எழுதியிருக்கிறது. நடப்பில் சில ஏஜென்ட்கள் போனை எடுக்காமல் இருப்பார்கள், அது உண்மை. ஆனால் சி.டி.சி.யும் (கடல் பணிப் புத்தகம்) இன்டோஸ் நம்பரும் (மாலுமி அடையாள எண்) தம்பியுடையது, ஏஜென்ட் கொடுத்ததில்லை. மும்பையில் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் அவர் ஒருத்தர்தானா? அதோடு, ரோப்பைப் பற்றிக் கேட்டதற்காக ஆளை ஒதுக்குகிற கம்பெனிக் கப்பலில் தம்பி மறுபடி ஏறுவதை அம்மாதான் முதலில் தடுக்க வேண்டும். இதை அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லு.

ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டால் 'எழுத்தில் அனுப்புங்க' என்று மட்டும் சொல்லுங்கள். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பேப்பர், எக்ஸ்ரே எல்லாம் அசலைக் கூரியரில் விட்டுவிடாதே, ஸ்கேன் போதும். சைன் ஆஃப் ஆன (கப்பலை விட்டு இறங்கிய) காரணம் சி.டி.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லு.