2 மீட்டர் தண்ணியில சோனார் திரை முழுக்கக் கோடு: பக்கத்துப் படகா, நம்ம வயரா?

ரவாங் தூண்டில்:
வணக்கம் எல்லாருக்கும். போன ஞாயிறு பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (பெஸ்தாரி ஜெயான்னு போர்டு மாத்தி எத்தனையோ வருஷமாச்சு, என் நாக்குதான் மாற மாட்டேங்குது) பழைய ஈயச்சுரங்கக் குட்டையில பீகாக் பாஸ் மீனுக்குப் போனோம். ரெண்டு படகு, ரெண்டுலயும் லைவ் சோனார் (சத்தத்தை அனுப்பி, எதிரொலியை வச்சு முன்னாடி தண்ணிக்குள்ள இருக்கிறதை அப்பவே படமாக் காட்டுற மெஷின்). நடுக்குட்டையில இருக்கிற வரைக்கும் படம் நல்லா இருந்துச்சு. கரையோரம் 2 மீட்டர் தண்ணிக்கு வந்தேன், திரை பூரா மழை பெய்யுற மாதிரி சாய்வா புள்ளிக்கோடு. நடுநடுவுல விசிறி விரிச்ச மாதிரி பளிச் பளிச்சுன்னு வெளிச்சம் வேற.

அமெரிக்காக்காரங்க ஆழமில்லாத தண்ணியில கிராப்பிங்கிற மீனைப் பிடிக்கிற வீடியோ ஒண்ணு பார்த்திருந்தேன். அதுல சொன்ன மாதிரி கெயினை (வர்ற எதிரொலியைப் பெருக்கிக் காட்டுற அளவை) ஏத்தி, இரைச்சலை வடிகட்டுற நாய்ஸ் ஃபில்டரை அணைச்சேன். திரையே வெள்ளையாயிடுச்சு.

என் முடிவு: கூட்டாளியோட சோனார்தான் என்னோடதைக் கெடுக்குது. 50 மீட்டருக்குள்ள ஒரு படகுலதான் லைவ் சோனார் ஓடணும்னு நம்ம குழுவுல விதி போடலாம். என்ன சொல்றீங்க?

செலாயாங் சம்பான்:
அந்தக் கூட்டாளி நான்தான் லா. பேர் சொல்லாம அடிச்சா தெரியாதுன்னு நெனைச்சியா? அன்னிக்கு என் திரை சுத்தமா இருந்துச்சு. நான் உன்னைக் கெடுத்தேன்னா நீயும் என்னைக் கெடுத்திருக்கணும் இல்ல? விதியாம் விதி. யார் அணைக்கிறது? முதல்ல வந்தவனா, விலை கூடின மெஷின் வச்சிருக்கிறவனா?

கெப்போங் வயர்மேன்:
தம்பி ரவாங், பக்கத்துப் படகை விடு. ஒரே ஒரு கேள்வி: எலக்ட்ரிக் மோட்டாரும் சோனாரும் ஒரே பேட்டரியா?

ரவாங் தூண்டில்:
ஒரே பேட்டரிதான் அண்ணே. இன்னொண்ணு தூக்கிட்டுப் போக முடியல, இடுப்பு வலி.

கெப்போங் வயர்மேன்:
கேஸ் முடிஞ்சது. இருபது வருஷமா வயரிங் வேலைதான் எனக்கு. இப்போ வர்ற மோட்டார்ல வேகத்தைக் குறைக்கணும்னா மின்சாரத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்புது. அந்த வெட்டு பேட்டரி வயர் வழியா நேரா சோனாருக்குள்ள ஏறும். அதான் பாதி வேகத்துல கோடு அதிகமா இருக்கும், முழு வேகத்துல வச்சா குறையும், ஏன்னா அங்க வெட்டு இல்ல. (பழைய அஞ்சு கியர் மோட்டாரா இருந்தா இந்தக் கதை வேற.)

அடுத்தது வயர். நீ சோனார் கேபிளை மோட்டார் ஷாஃப்ட்டுல வச்சு இறுக்கி டை போட்டு, மிச்சத்தை மோட்டார் வயரோட சேர்த்து வளையமா சுருட்டியிருப்ப. பார்க்க அழகா இருக்கும். ஆனா அந்த வளையம் ஏரியல் மாதிரி வேலை செய்யும். ரெண்டையும் பிரி, கொறஞ்சது ஒரு சாண் இடைவெளி விடு. குறுக்க போயே ஆகணும்னா கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்கா போகட்டும். சோனாருக்குன்னு சின்னதா ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, நடுவுல ஃபியூஸ், பவர் வயர்ல இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் வளையம் ஒண்ணு. பக்கத்துப் படகுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. நூத்துக்கு நூறு.

அளவைப் படகு:
வயர்மேன் அண்ணன் வயர் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அந்த ‘நூத்துக்கு நூறு’ மட்டும் தப்பு. கிள்ளான் துறைமுகப் பக்கம் ஆழம் அளக்கிற படகில் வேலை பார்த்தவன் நான். எக்கோ சவுண்டர்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ரவாங் ரெண்டு விதமான குறியைச் சொல்லியிருக்கார், யாரும் கவனிக்கவில்லை. மின்சார இரைச்சல் நம்ம படகுக்குள்ளேயே பிறக்கிறது. மோட்டார் பெடலை மிதித்தால் வரும், விட்டால் போகும். வேறொரு சோனாரின் சத்தம் அப்படி இல்லை. ரெண்டு மெஷினும் ஒரே தாளத்தில் துடிப்பதில்லை, அதனால் கீழே பார்க்கிற சாதாரண சோனாரில் அது மெல்ல நகர்ந்து போகிற சாய்வுக் கோடாக வரும். லைவ் சோனாரில் அதுதான் நீங்கள் பார்த்த விசிறி வெளிச்சம். ஆக, சாய்வுக் கோடு எந்தத் திரையில் வந்தது, விசிறி எந்தத் திரையில் வந்தது என்பதைச் சொல்லுங்கள்.

ஆழமில்லாத தண்ணியில் ஏன் கூடுகிறது? தண்ணிக்குள் சத்தம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 2 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 3 மில்லி நொடிகூட ஆகாது. திரும்பி வந்த சத்தம் படகடியிலும் தண்ணி மேல்பரப்பிலும் பட்டு மறுபடி தரைக்குப் போகும், மறுபடி வரும். அதுதான் திரையில் ரெண்டாவது தரையாகத் தெரிகிற போலித்தரை. பக்கத்துப் படகின் சத்தமும் மேல்பரப்புக்கும் தரைக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, பரவிப் போக வழியில்லாமல், பலத்தோடு உங்களிடம் வந்து சேரும். உங்கள் மீனின் எதிரொலி பலவீனமானது; அவர் மெஷினின் சத்தம் நேரடியாக வருவது. எது ஜெயிக்கும்?

செலாயாங் நண்பரின் திரை சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. அவர் சோனார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது?

செலாயாங் சம்பான்:
கரையைப் பார்த்து. இவன் என் முதுகுப் பக்கம் இருந்தான்… ஓ.

ரவாங் தூண்டில்:
பார்த்தீங்களா! அவன் சோனார் என் பக்கம் பார்க்கல, என்னோடதுதான் அவனைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. சாய்வுக் கோடு வந்தது பக்கத்துல இருக்கிற சாதாரண சோனார் திரையில. விசிறி வந்தது லைவ்ல. அதையும் இதையும் ஒண்ணாப் போட்டு எழுதிட்டேன், மன்னிக்கணும்.

கெப்போங் வயர்மேன்:
ஆக, உன் படகுலயே ரெண்டு சோனார் ஓடுது. அதை இப்பத்தான் சொல்ற.

பூச்சோங் ஜிக்:
அந்தக் கிராப்பி வீடியோவைப் பத்தி யாருமே பேசல. மிசிசிப்பியில ரெண்டு வருஷம் படிச்சேன், கிரெனடா ஏரியில குளிர்ல நடுங்கிக்கிட்டே கிராப்பி பிடிச்சிருக்கேன். அங்க அது முட்டை போடுறதுக்குக் கரையோரம் வர்றது வசந்த காலத்துல, தண்ணி 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருக்கிறப்ப. மூழ்கின மரக்கிளையை ஒட்டி அசையாம கூட்டமா நிக்கும். அதுக்குப் போடுற ஜிக் (தலையில எடை வச்ச குட்டித் தூண்டில் முள்) ஒண்ணு ரெண்டு கிராம்கூட வராது, முருங்கை விதை மாதிரி இருக்கும். அந்தத் துக்கடா சாமான் மீன் மூக்குக்கு மேல தொங்குதான்னு திரையில பார்க்கத்தான் அவங்க கெயினை ஏத்துறாங்க.

நீங்க போடுறது என்ன? பத்துப் பதினஞ்சு கிராம் ஸ்பூன், அதாவது உலோகத் தகடு. அது கெயின் பாதியில இருந்தாலே பளிச்சுன்னு தெரியும். நம்ம தண்ணி முப்பது டிகிரிக்குப் பக்கம், பீகாக் பாஸ் ஒரு இடத்துல நிக்கிற ஜாதியே இல்ல. அவங்க மருந்தை நம்ம நோய்க்குச் சாப்பிட்டா திரை வெள்ளையாகாம என்ன ஆகும்?

கெயினைக் குறைங்க. முன்னாடி பார்க்கிற தூரத்தை 30 மீட்டர்லேர்ந்து 12, 15க்குக் கொண்டு வாங்க. மரக்கிளை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா போலி உருவத்தை நீக்கிற ஃபில்டரைக் கொஞ்சம் போடுங்க. ரொம்பப் போட்டா மீனையும் சேர்த்து அழிச்சிடும். ட்ரான்ஸ்டியூசரை (சத்தத்தை அனுப்பி வாங்குற பகுதியை) படுக்க வைக்கிற பிராக்கெட் இருந்தா அதை பசாங் பண்ணி, அதாவது மாட்டிப் பாருங்க, ஆழமில்லாத இடத்துக்குன்னே செஞ்சது அது.

கிள்ளான் மாமா:
பிள்ளைங்களா, எல்லாம் படிச்சேன். 2 மீட்டர் தண்ணிக்கு இவ்வளவு பாடா? கீழே பார்க்கிற சோனாரோட கூம்பு 20 டிகிரின்னா அந்த ஆழத்துல தரையில விழுற வட்டம் 70 சென்டிமீட்டர். என் உட்காரும் இடத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு அது சொல்லும். அங்க மீன் எப்படி இருக்கும், என் நிழலைப் பார்த்ததுமே ஓடியிருக்கும்! பீகாக் பாஸ் சின்ன மீனைத் துரத்துறப்ப தண்ணி கொதிக்கும். கண்ணு போதும், அணைச்சுப் போடுங்க. கரையோரம் முங்கிக் கிடக்கிற அந்தப் பெரிய கட்டையில நான் இழந்த லூர் (போலி இரை) காசுக்கு ஒரு மெஷினே வாங்கியிருக்கலாம், ஆனாலும் வாங்கல.

கெப்போங் வயர்மேன்:
மாமா, கீழே பார்க்கிறதைத்தான் அணைக்கச் சொல்றீங்க, அதுல எனக்கும் சம்மதம். முன்னாடி பார்க்கிறது வேற கதை. தண்ணி கலங்கலா இருக்கிறப்ப கண்ணு என்ன செய்யும்?

கிள்ளான் மாமா:
கலங்கலா இருந்தா வீட்டுல இருக்கணும். எல்லாரும் திரையைப் பார்த்து மீன் தலையில போட்டா குட்டையில என்ன மிஞ்சும்?

பூச்சோங் ஜிக்:
மாமா, பீகாக் பாஸ் வெளியூரிலேர்ந்து வந்து நம்ம உள்ளூர் மீனைத் தின்னுற மீன். அது மிஞ்சாட்டி நான் அழ மாட்டேன். தோமான், செபாராவ் மாதிரி நம்ம உள்ளூர் மீனுக்குன்னா உங்க பேச்சை ஒத்துக்கிறேன்.

ரவாங் தூண்டில் (சனிக்கிழமை இரவு):
இன்னிக்கு ரெண்டு பேரும் மறுபடி போனோம். பார்த்ததை அப்படியே எழுதுறேன்.

மோட்டார் பெடலை விட்டேன், லைவ் திரையில இருந்த பொடிப் பொடிப் புள்ளி மறைஞ்சது. அது வயர்மேன் அண்ணன் கணக்கு. கீழே பார்க்கிற சோனாரை அணைச்சேன். சாய்வுக் கோடு வந்த திரையே இல்லாமப் போச்சு, அதனால லைவ்ல ஏதாச்சும் மாறுமான்னு கவனிச்சேன், மினுக்கலும் கொஞ்சம் குறைஞ்சது. அதாவது என்னை நானே கெடுத்துக்கிட்டிருக்கேன். டையை வெட்டிக் கேபிளைப் பிரிச்சா உள்ள வயர்மேன் அண்ணன் சொன்ன அதே சுருட்டல், ஆறு சுத்து. கடையில பசாங் பண்ணிக் கொடுத்ததுன்னு சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், செலாயாங் சிரிச்சான். சுத்தினது நான்தான்னு அவனுக்குத் தெரியும். கைமாத்தா ஒரு சின்ன பேட்டரி வாங்கிச் சோனாருக்குத் தனியா கொடுத்தேன்.

அதுக்கப்புறமும் செலாயாங் எதிர்ல வந்து என்னைப் பார்த்து நின்னப்ப விசிறி வெளிச்சம் வந்துச்சு. 15 மீட்டர்ல பளிச்சுன்னு. படகைத் திருப்பி ரெண்டு பேரும் கரையைப் பார்த்து நின்னோம், போயிடுச்சு. அதனால 50 மீட்டர் விதி வேண்டாம். எதிர் எதிரா நிக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

செலாயாங் சம்பான்:
திருப்பினது என் படகு. இவன் நகரல.

கெப்போங் வயர்மேன்:
மீன்?

ரவாங் தூண்டில்:
ரெண்டு. பெருசு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டும் செலாயாங் கண்ணால பார்த்துப் போட்டது, திரையில இல்ல. மாமா சந்தோஷப்படுவார்.

கிள்ளான் மாமா:
சந்தோஷம்தான். அது இருக்கட்டும், அந்தக் கட்டைகிட்ட ஆழம் எவ்வளவு? அது படுத்திருக்கா, கிளை மேல தூக்கி நிக்குதா?

ரவாங் தூண்டில்:
1.4 மீட்டர் மாமா. படுத்துத்தான் இருக்கு. கிழக்குப் பக்கம் ஒரு கிளை மட்டும் மேல வருது, அதுலதான் உங்க லூர் எல்லாம் தொங்கும்னு நினைக்கிறேன். படம் பிடிச்சு வச்சிருக்கேன், அனுப்பவா?

கிள்ளான் மாமா:
அனுப்பு.