மடு றோட்டுப் பக்கம் விவிலியச் சிற்பத் தோட்டம்: வேணுமோ, வேண்டாமோ?

மடுறோட்டான்:
அக்காவைப் பார்க்க அமெரிக்கா போனனான். அவ இருக்கிறது சோல்ட் லேக் சிற்றியில. அங்க கில்கால் எண்டொரு சிற்பத் தோட்டம். தோமஸ் சைல்ட் எண்ட மேசன் கொந்திராத்துக்காரர் 1945 இல தன்ர வீட்டு வளவுக்கையே தொடங்கி, 1963 இல சாகுமட்டும் செய்தது. மோர்மன் சபைக்காரர். வேதாகமத்தில தானியேல் 2 ஆம் அதிகாரத்தில பாபிலோன் ராசா நெபுகாத்நேசர் கனவில கண்ட சிலை தலை வேற, பாதம் வேறயாக் கிடக்கு. பாறையில வெட்டுக்கிளி ஒண்டு, சபை உரையாளர் கடைசி அதிகாரத்தில வாறது. தன்னையும் விடேல்லை மனிசன்: செங்கல்லால கட்டின காற்சட்டையோட, கக்கத்தில வேதாகமம் வைச்சு நிக்கிறார். எழுபதுக்கு மேல கல்லில எழுத்து வெட்டியிருக்கு. சின்னனுகள் வசனத்தை வாசிச்சுப்போட்டு அதுக்குரிய சிலையைத் தேடி ஓடுதுகள். 2000 இலயிருந்து அது பொதுப் பூங்கா.
மடு மாதா கோயில் ஆவணித் திருவிழாவுக்கு வாற சனம் பூசை முடியக் கச்சானைக் கொறிச்சுக்கொண்டு பஸ்ஸைப் பாத்து நிக்குது. எங்களுக்கும் இப்பிடி ஒண்டு இருந்தால் என்ன?

வசனம்மட்டும்:
பிரதர், யாத்திராகமம் 20 ஐ ஒருக்கா வாசியுங்கோ. சொரூபம் செய்யாதே எண்ட கட்டளையை மீறி வசனத்துக்குச் சொரூபமோ? அந்தத் தோட்டத்தில ஸ்பிங்ஸ் சிங்கத்துக்கு, மோர்மன் சபையைத் தொடங்கின ஜோசப் ஸ்மித்தின்ர முகம் வைச்சிருக்கிறாங்கள். அதை ஏன் சொல்லேல்லை?

மடுறோட்டான்:
சிங்கத்தை ஒளிக்கேல்லை, மறந்துபோனன். ஆனால் யோசுவா 5 இல வாற ஆண்டவரின்ர படைத் தலைவனும் அங்க நிக்கிறார். உடுப்பெல்லாம் செதுக்கி, தலைக்கு மட்டும் உளி படாத கல்லு. வானவரின்ர முகத்தை மனிசன் செதுக்கக்கூடாதெண்டு விட்டது. உங்கட பயம் சைல்டுக்கும் இருந்திருக்கு.

அடம்பன்மேசன்:
தம்பி, சிலை செய்யலாம். பிறகு ஆர் பாக்கிறது? எங்கட பக்கத்துக் கோயிலொண்டில சிலுவைப்பாதை சீமெந்தில செய்தவை. ஐந்தாம் நிலையில, சிலுவை சுமக்க உதவின சீமோன்ர விரல் ரெண்டு கழண்டு, உள்ளுக்க துருப்பிடிச்ச கம்பி தெரியுது. மேல பெயின்ற் மட்டும் வருசா வருசம் பளபளக்கும். கருங்கல்லெண்டால் சரி, ஆனால் அது வேற காசு. அந்தக் கில்கால் மனிசன் ஒட்சி-அசெற்றிலின் சுவாலையால கல்லைச் செதுக்குவிச்சவராம். இங்க காஸ் சிலிண்டருக்கே யோசிக்கிறம்.

ஒட்டுசுட்டான்பேரன்:
அண்ணை, கில்கால் எண்ட பேர் வாற அதிகாரத்தை வாசிச்சனீங்களோ? யோசுவா 4. அங்க சிலையே இல்லை. யோர்தான் நடுவில இருந்து கோத்திரத்துக்கு ஒண்டாத் தூக்கின 12 கல்லு. இதென்ன கல்லெண்டு பிள்ளையள் கேட்டால் நடந்ததைச் சொல்லுறதுக்கு வைச்சது.
வன்னியில கல்லு வைக்கிறதும் உடைக்கிறதும் விளையாட்டுக் கதையில்லை. கற்சிலைமடுக் கல்லு 1803 இல வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சதெண்டு வெள்ளைக்காரப் படையின்ர கப்டன் வொன் டிறிபேர்க்கின்ர பேரைச் சொன்னது, வெண்டவன்ர கல்லு. போராளியளைப் புதைச்ச துயிலும் இல்லங்களை இடிச்சுத் தள்ளினதை எல்லாரும் கண்டம். மடுக் கோயிலில தஞ்சமெண்டு இருந்த சனம் 1999 கார்த்திகையில ஷெல் விழுந்து செத்தது. 2008 இல மாதாவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனவ. இதெல்லாம் கிடக்க, நெபுகாத்நேசருக்குத் தலை செதுக்கப் போறமோ?

மடுறோட்டான்:
அதுவும் இதுவும் ஒண்டோ தம்பி? இது பிள்ளையளுக்கு மறைக்கல்வி. எல்லாத்துக்கையும் செத்தவையைக் கொண்டுவந்தால் ஊரில ஒண்டும் கட்டேலாது.

கனகராயன்குளத்தாள்:
நான் சைவக்காரி, இடையில வந்ததுக்குக் கோவியாதேங்கோ. எங்கட கோபுரத்தில புராணம் முழுக்கச் சுதையில நிக்குது. எங்கட பிள்ளையள் அதை அண்ணாந்து பாத்துக் கதை கேட்டதை நான் காணேல்லை. எந்தப் பொம்மையோட செல்ஃபி எடுக்கலாமெண்டுதான் பாக்குதுகள். மடுவுக்கு நானும் வாறனான், அந்தக் காட்டுக்கையிருக்கிற அமைதிக்கு. தயவுசெய்து அதுக்குள்ள சீமெந்து ஊத்தாதேங்கோ.

வசனம்மட்டும்:
முதல்முறையா ஒரு சைவ அக்காவுக்கு ஆமென் சொல்லுறன்.

அடம்பன்மேசன்:
ஒட்டுசுட்டான் தம்பி சொன்ன மாதிரி செதுக்காத கல்லெண்டால் செலவு குறைவு. ஏத்தி இறக்கிற கூலி, எழுத்து வெட்டுற கூலி, அவ்வளவுதான். ஆனால் என்ன எழுதுறதெண்டதிலதான் ஆமிக்காரன் வந்து நிப்பான்.

ஒட்டுசுட்டான்பேரன்:
வரட்டும். யோசுவா 4 எண்டு மட்டும் வெட்டி வைப்பம். கேக்கிற பிள்ளையளுக்கு மிச்சத்தை வாயால சொல்லலாம். அப்பிடியெண்டால் ஒரு கல்லின்ர செலவு என்ர. சிங்கத்துக்கு முகம் வைக்கிற பிளானெண்டால் என்னை விட்டிடுங்கோ.

மடுறோட்டான்:
வெட்டுக்கிளி ஒண்டாவது வைப்பமே?