பையர் மெயில்ல போத்–அண்ட், ஐதர்–ஆர், நைதர்–நார்: எங்க தப்பு வருது?

திருப்பூர் மெர்ச்சன்டைசர்

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில பையருக்கு தினமும் மெயில் எழுதற வேலை. இங்கிலீஷ்ல ஜோடியா வர்ற இணைப்புச் சொற்கள்லதான் அடிக்கடி சந்தேகம் வருதுங்க. கீழ இருக்கற அஞ்சு வரியையும் கொஞ்சம் பாருங்க:

1. போத் தி லேப் டிப்ஸ் ஆர் நாட் அப்ரூவ்டு. (லேப் டிப்னா பையர் கலர் பார்த்து ஒத்துக்கறதுக்காகச் சாயம் போட்டு அனுப்பற சின்னத் துணி சாம்பிள்.)
2. நைதர் தி மெயின் லேபிள் நார் தி ஹேங் டேக்ஸ் ஹேஸ் அரைவ்டு.
3. வி நாட் ஒன்லி செக்டு தி ஷேடு பட் ஆல்சோ தி ஜி.எஸ்.எம். (ஜி.எஸ்.எம்னா ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, கிராம்ல.)
4. வி கேன் ஷிப் ஐதர் பை சீ ஆர் ஏர்.
5. நோ சூனர் வி ரிசீவ்டு தி அப்ரூவல், வி ஸ்டார்ட்டடு கட்டிங்.

எது தப்பு, ஏன் தப்பு? மெயிலை அனுப்பறதுக்கு முன்னால நாமளே சரிபார்த்துக்க ஏதாவது வழி இருக்குதுங்களா?

கோபி டீச்சர்

அஞ்சுலயும் திருத்தம் இருக்குது தம்பி. 3, 4 ரெண்டும் ஒரே வகைத் தப்பு. அதுல இருந்து ஆரம்பிச்சா மத்தது சுலபமாப் புரியும்.

ஜோடிச் சொல்லுல முதல் பாதிக்கு அடுத்து எந்த வகைச் சொல் வருதோ, ரெண்டாவது பாதிக்கு அடுத்தும் அதே வகைதான் வரணும். பேர்ச்சொல்லுன்னா பேர்ச்சொல், வினைன்னா வினை, முழு வாக்கியம்னா முழு வாக்கியம். மூணாவது வரியில "நாட் ஒன்லி"க்கு அடுத்து "செக்டு"ங்கற வினை நிக்குது, "பட் ஆல்சோ"வுக்கு அடுத்து "தி ஜி.எஸ்.எம்"னு பேர் நிக்குது. வினையைப் பார்த்ததுமே படிக்கறவங்க அடுத்த வினைக்குக் காத்திருப்பாங்க. "வி நாட் ஒன்லி செக்டு தி ஷேடு பட் ஆல்சோ கரெக்டட் இட்"னு எழுதியிருந்தா அந்த இடம் சரி. நீங்க சொல்ல வந்தது ரெண்டு பொருளைச் செக் பண்ணினதை. அதனால வினையை வெளிய எடுத்துருங்க: "வி செக்டு நாட் ஒன்லி தி ஷேடு பட் ஆல்சோ தி ஜி.எஸ்.எம்."

நாலாவது வரியில சிக்கல் "பை". "ஐதர்"க்கு உள்ள ஒரு "பை" இருந்தா "ஆர்"க்கு அப்புறமும் ஒண்ணு வேணும்: "ஐதர் பை சீ ஆர் பை ஏர்". ஒரே "பை" போதும்னு நினைச்சா அதை ஜோடிக்கு முன்னால வெச்சுருங்க: "பை ஐதர் சீ ஆர் ஏர்". ஒண்ணா, ரெண்டு இடத்துலயும் போடுங்க; இல்லைன்னா வெளியில ஒரே இடத்துல. இதே கதைதான் "டு", "ஃபார்", "இன்" எல்லாத்துக்கும்.

நீங்க கேட்ட சரிபார்க்கற வழி: வாக்கியத்தை ரெண்டாப் பிரிச்சு வாசிங்க. ஜோடிச் சொல்லுக்கு முன்னால இருக்கற பகுதியோட முதல் துண்டை மட்டும் சேர்த்து ஒரு தடவை, ரெண்டாவது துண்டை மட்டும் சேர்த்து ஒரு தடவை. "வி கேன் ஷிப் பை சீ", நல்லா வருது. "வி கேன் ஷிப் ஏர்", காத்தையே கப்பல்ல ஏத்தறோம்னு ஆயிருது. ரெண்டு தடவையும் முழு வாக்கியமா வந்தா மட்டும் அனுப்புங்க.

ரெண்டாவது வரி: "ஐதர்–ஆர்", "நைதர்–நார்" வந்தா வினை பக்கத்துல இருக்கற பேரைப் பார்த்து மாறும். இங்க பக்கத்துல இருக்கறது "ஹேங் டேக்ஸ்", பன்மை. அதனால "ஹேவ் அரைவ்டு". திருப்பிப் போட்டு "நைதர் தி ஹேங் டேக்ஸ் நார் தி மெயின் லேபிள் ஹேஸ் அரைவ்டு"ன்னாலும் இலக்கணம் சரிதான், ஆனா காதுக்கு ஒட்டாது. பன்மையை எப்பவும் ரெண்டாவதா வெச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லை. "நாட் ஒன்லி–பட் ஆல்சோ"வுக்கும் இதே விதி. "போத்–அண்ட்" மட்டும் எப்பவும் பன்மை.

"நைதர்" வந்துட்டா "நாட்" வேண்டாம். "வி ஹேவ் நாட் ரிசீவ்டு நைதர் தி ஜிப்பர் நார் தி பட்டன்" தப்பு. "நாட்" இருந்தா "ஐதர்–ஆர்", "நாட்" இல்லைன்னா "நைதர்–நார்".

கரூர் ஹோம் டெக்ஸ்டைல்ஸ்

டீச்சர் தெளிவா சொல்லிட்டாங்க. முதல் வரியைப் பத்தி நான் சொல்றனுங்க, ஏன்னா அஞ்சுலயும் பணத்தைக் கொண்டு போற வரி அதுதான்.

"ரெண்டு லேப் டிப்பும் அப்ரூவ் ஆகலை"ன்னு நாம சொன்னா ரெண்டுமே போச்சுன்னு அர்த்தம். தமிழ்ல "உம்" போட்டு இல்லைன்னு சொன்னா எதுவுமே இல்லைன்னு ஆயிரும். அதே அமைப்பை வெச்சுட்டு "போத்... நாட்"னு எழுதினா, படிக்கறவங்களுக்கு "ரெண்டும் சேர்ந்து ஆகலை, ஒருவேளை ஒண்ணு ஆயிருக்குமோ"ங்கற சந்தேகம் வரும். சாயம் போடற டையிங் யூனிட்டுக்கும் அதே மெயில் போயிருந்தா, எது அப்ரூவ் ஆச்சு, ஏ ஆப்ஷனா பி ஆப்ஷனான்னு கேட்டு ஃபோன் வரும். "நைதர் ஆஃப் தி லேப் டிப்ஸ் இஸ் அப்ரூவ்டு"ன்னு எழுதுங்க, சந்தேகத்துக்கே இடமில்லை. "நைதர் ஆஃப்" வந்தா ஒருமை வினைதான் முறை.

இதைவிடப் பெரிய ஆபத்து கிளெய்ம் (நஷ்ட ஈடு) பேசறப்ப வரும். ஷிப்மென்ட் லேட், பையர் டிஸ்கவுண்டும் கேட்கறாங்க, மிச்சத்தை நம்ம செலவுல ஏர்ல அனுப்பவும் சொல்றாங்க. ரெண்டுக்கும் நாம ஒத்துக்கலை. அப்ப "வி கெனாட் அக்செப்ட் போத் தி டிஸ்கவுண்ட் அண்ட் தி ஏர் ஃப்ரைட்"னு எழுதினா, ரெண்டையும் சேர்த்து ஏத்துக்க முடியாது, ஏதாவது ஒண்ணு சரின்னுதான் படிப்பாங்க. பதில் மெயில்ல "அப்ப ஏர் ஃப்ரைட்டை மட்டும் எடுத்துக்கங்க"ன்னு வந்துட்டா அப்புறம் மறுத்துப் பேசறது கஷ்டம். தூத்துக்குடியில இருந்து கப்பல்ல போறதுக்கும் ஏர்ல போறதுக்கும் இருக்கற வித்தியாசம் உங்களுக்கே தெரியும். "வி கேன் அக்செப்ட் நைதர் தி டிஸ்கவுண்ட் நார் தி ஏர் ஃப்ரைட்", இல்லைன்னா "வி கெனாட் அக்செப்ட் ஐதர் தி டிஸ்கவுண்ட் ஆர் தி ஏர் ஃப்ரைட்". ரெண்டும் ஒரே அர்த்தம், ரெண்டும் கதவைச் சாத்திரும்.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்

ரொம்ப நன்றிங்க டீச்சர், நன்றிங்க அண்ணா. அஞ்சாவது வரி பாக்கி இருக்குது. இன்னும் ரெண்டு கேள்விங்க: எஸ், எம், எல்னு மூணு சைஸுக்கு "போத்" போடலாமுங்களா? "வெதர்–ஆர்" எழுதற இடத்துல "இஃப்" போட்டா என்ன ஆகும்?

கரூர் ஹோம் டெக்ஸ்டைல்ஸ்

"வெதர்" கேள்வி நல்ல கேள்விங்க. "ப்ளீஸ் லெட் அஸ் நோ இஃப் தி கார்ட்டன் சைஸ் ஹேஸ் டு சேஞ்ச்"னு எழுதினா, மாத்தணும்னா மட்டும் சொல்லுங்கன்னும் படிக்கலாம். பையர் மாத்த வேண்டாம்னு நினைச்சா பதிலே போட மாட்டாங்க, நாம இங்க பதிலுக்காகக் காத்துட்டு இருப்போம். "வெதர் தி கார்ட்டன் சைஸ் ஹேஸ் டு சேஞ்ச் ஆர் நாட்"னு கேட்டா எப்படியும் ஒரு பதில் சொல்லியாகணும். பேக்கிங்குக்கும் அப்படித்தான்: "ப்ளீஸ் கன்ஃபர்ம் வெதர் யூ நீட் ரேஷியோ பேக் ஆர் சாலிட் பேக்." (ரேஷியோ பேக்னா ஒரே பேக்ல பல சைஸ் கலந்து, சாலிட் பேக்னா ஒரே சைஸ் மட்டும்.)

கோபி டீச்சர்

மூணு சைஸுக்கு "போத்" வராது, அது ரெண்டுக்கு மட்டும். "எஸ், எம் அண்ட் எல்"னு விட்டாலே போதும், அழுத்தம் வேணும்னா "ஆல் த்ரீ சைசஸ்". "ஐதர்"ஐ மூணுக்குப் போடறவங்க இருக்காங்க, பெரிய தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா ஆர்டர் சம்பந்தப்பட்ட மெயில்ல "எனி ஒன் ஆஃப் தி த்ரீ"தான் பத்திரம்.

அஞ்சாவது வரியில ரெண்டு தப்பு. "நோ சூனர்" வாக்கியத்தோட தலையில வந்தா துணைவினை எழுவாய்க்கு முன்னால போயிரும், கேள்வி கேட்கறப்ப போற மாதிரி. ஜோடியோட ரெண்டாவது பாதி "தேன்". அதை விட்டுட்டு கமா போடக் கூடாது: "நோ சூனர் ஹேட் வி ரிசீவ்டு தி அப்ரூவல் தேன் வி ஸ்டார்ட்டடு கட்டிங்." "சூனர்" ஒப்பீட்டுச் சொல், அதனாலதான் "தேன்". "ஹார்ட்லி", "ஸ்கேர்ஸ்லி" ரெண்டும் ஒப்பீடு இல்லை, அதுக்கு "வென்". "நாட் ஒன்லி" வாக்கியத்தோட தலையில வந்து பின்னால முழு வாக்கியம் வந்தாலும் இதே திருப்பம்தான்: "நாட் ஒன்லி டிட் வி ரீசெக் தி ஷேடு, பட் வி ஆல்சோ சேஞ்ச்டு தி யார்ன் லாட்." "டிட்" வந்துட்டா "ரீசெக்டு"ன்னு மறுபடி இறந்தகாலம் போடாதீங்க, பள்ளிக்கூடப் பசங்க அதிகமா சறுக்கற இடம் அது.

ஆனா மெயில்ல "நோ சூனர்" வேண்டாம் தம்பி, அது பரீட்சைத் தாளுக்கு. "ஆஸ் சூன் ஆஸ் வி ரிசீவ்டு தி அப்ரூவல், வி ஸ்டார்ட்டடு கட்டிங்"னு எழுதுங்க. நடுவுல "தென்"னோ "சோ"வோ சேர்க்காதீங்க, கமா மட்டும் போதும்.