உதவி தேவை: கூகிள் ஸ்கொலரில் வேறொருவரின் கட்டுரைகள், ஸ்கோப்பஸில் எனக்கு மூன்று ஐடி

குளத்தடி (கிளிநொச்சி)
வணக்கம். வவுனியா வளாகத்தில சுற்றாடல் விஞ்ஞானம் படிச்சு, பிறகு நோயெதிர்ப்பியலில எம்.பில். செய்தனான். தோல் லீஷ்மேனியாசிஸ் எண்ட ஒட்டுண்ணி நோய்தான் என்ர வேலை. மணல் ஈ கடிச்சு வாற புண்ணின்ர ஓரத்தில சின்னத் துண்டு எடுத்து, நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்துற இன்ரபெரோன் காமா, ஐ.எல்.-10 எண்ட ரெண்டு புரதமும் எவ்வளவு இருக்கெண்டு பாக்கிறது. இப்ப பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறன். வெளியீட்டுப் பட்டியல், சைற்றேஷன் எண்ணிக்கை (மற்றவை எங்கட கட்டுரையை எத்தினை தரம் மேற்கோள் காட்டினவை எண்டது), அதை வச்சுக் கணக்கிடுற எச்-இன்டெக்ஸ் மூண்டும் கேக்கினம்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தொகுக்கிற கூகிள் ஸ்கொலர் எனக்கு எச்-இன்டெக்ஸ் 14 எண்டு காட்டுது. பட்டியலின்ர முதல் வரியில நிக்கிறது துத்தநாக ஒக்சைட் நனோ துணிக்கை பற்றின கட்டுரை. அது தமிழ்நாட்டில இருக்கிற, என்ர பெயரும் அதே முதலெழுத்தும் உள்ள ஒருத்தருடையது. ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோப்பஸ் ஆசிரியருக்கு ஓர் ஐடி எண் குடுக்கும், அதில வேற பிரச்சினை. கலியாணத்துக்கு முந்தி அப்பாவின்ர முதலெழுத்து, பிறகு கணவரின்ர முதலெழுத்து. ஒரு சஞ்சிகை அப்பாவின்ர பெயரையே குடும்பப்பெயராப் போட்டிட்டுது. அதால மூண்டு ஐடி. விண்ணப்பத்தில எதை எழுதுறது?

நெடுங்கேணியான்
தங்கச்சி, முதல்ல ஸ்கொலர். உங்கட புரொபைலுக்குள்ள போய், உங்கட இல்லாத கட்டுரைகளுக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டியில சரி போட்டு நீக்குங்கோ. உங்கட பக்கத்தில இருந்து மட்டுந்தான் போகும், அந்த ஆளின்ர கணக்கு குறையாது. தவறி உங்கட கட்டுரையை நீக்கினாலும் குப்பைத்தொட்டியில இருந்து திருப்பி எடுக்கலாம். ஒரே கட்டுரை ரெண்டு தரம் நிண்டா, ரெண்டையும் தெரிவு செய்து ஒண்டாக்குங்கோ.

பிறகு செற்றிங்கில, புதுக் கட்டுரைகளைத் தானாச் சேர்க்கிறதை நிப்பாட்டி, ஈமெயிலில கேட்டுச் சேர்க்கிற மாதிரி மாத்துங்கோ. இதைச் செய்யாட்டி திரும்பவும் நனோ துணிக்கை வந்து நிக்கும்.

ஓமந்தை அக்கா
ஸ்கோப்பஸுக்கு நான் சொல்லுறன். சந்தா இல்லாமலே ஆசிரியர் தேடல் வேலை செய்யும். மூண்டு ஐடியையும் தெரிவு செய்து, ஒண்டாக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பலாம், காசில்லை. அவை சரிபாத்துத்தான் மாத்துவினம், உடனே நடக்காது. அதால இண்டைக்கே அனுப்புங்கோ.

பெயர் மட்டுமில்லை, நிறுவனமும் உங்களைப் பிரிச்சிருக்கும். நீங்கள் படிக்கேக்க அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர வவுனியா வளாகம். 2021 ஆகஸ்ட் 1இல தனி வவுனியாப் பல்கலைக்கழகமாச்சு. கணினிக்கு ரெண்டும் வேற வேற இடம்.

ஓர்சிட், அதாவது ஆய்வாளருக்குக் குடுக்கிற அடையாள எண், எடுத்தனீங்களோ? 2012இல தொடங்கினது, 16 இலக்க எண், இலவசம். அதில மற்றப் பெயர்கள் எண்டொரு பகுதி இருக்கு. மூண்டு வடிவத்தையும் அதில போடுங்கோ. இனிமேல் எழுதுற ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே வடிவப் பெயரும் அந்த எண்ணும். எங்கட பெண் பிள்ளைகளின்ர உழைப்பு முதலெழுத்து மாறினதால ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கிறதைப் பாக்க எனக்குப் பொறுக்கிறேல்லை.

மாங்குளம்
14 இருக்கேக்க தானாவே குறைச்சுப் போட்டா விண்ணப்பம் பலவீனமாகாதோ?

ஓமந்தை அக்கா
தம்பி, அந்த 14 இன்னொருவரின்ர உழைப்பு. தெரிவுக்குழுவில ஒராள் பட்டியலைத் திறந்தாலே நனோ துணிக்கைதான் முதல்ல தெரியும். அதுக்குப் பிறகு தங்கச்சி எழுதின எதையும் நம்பமாட்டினம்.

எச்-இன்டெக்ஸ் எண்டது 2005இல ஹிர்ஷ் எண்ட பௌதிகவியலாளர் சொன்ன கணக்கு. அஞ்சு கட்டுரைக்கு 22, 9, 4, 3, 1 எண்டு சைற்றேஷன் இருந்தா எச் 3. மூண்டு கட்டுரைக்குக் குறைஞ்சது மூண்டு இருக்கு, நாலு கட்டுரைக்கு நாலு இல்லை. ஆராய்ச்சியைத் தொடங்கின பிள்ளைக்கு அது சின்னனாத்தான் இருக்கும், குழுவுக்கும் அது தெரியும். நல்ல வேலைக்கும் மதிப்பு வரக் காலம் எடுக்கும்: ஜப்பானிய நோயெதிர்ப்பியலாளர் சாகாகுச்சி, நோயெதிர்ப்பை அடக்கி வைக்கிற ஒழுங்குபடுத்தும் ரி கலங்களைப் பற்றி எழுதினது 1995இல, நோபல் கிடைச்சது 2025இல. இடையில கன பேர் அப்பிடியொரு கலம் இருக்கெண்டே நம்பேல்லை.

இந்தியாவில ஈரலையும் மண்ணீரலையும் தாக்குற லீஷ்மேனியா டொனோவானி எண்ட ஒட்டுண்ணி, இலங்கையில பெரும்பாலும் தோலோட நிக்குது. புண்ணும் நோகாது, அதால சனம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டிடுது. உடம்பு அதை ஏன் தோலோட மறிக்குது எண்டு தேடுறது பெரிய வேலை. விண்ணப்பக் கடிதத்தில அதை நல்லா விரிச்சு எழுதுங்கோ.

குளத்தடி (கிளிநொச்சி)
கோடி நன்றி அக்கா, அண்ணை. ஸ்கொலர் சரி, எச் 3க்கு வந்திட்டுது. ஸ்கோப்பஸுக்குக் கோரிக்கை போட்டிட்டன். ஆனா நுளம்புக் குடம்பி பற்றி உள்ளூர்ச் சஞ்சிகையில வந்த கட்டுரை ஸ்கோப்பஸில இல்லை. ஐடி சேர்ந்தா வருமோ?

நெடுங்கேணியான்
வராது. ஸ்கோப்பஸ் அந்தச் சஞ்சிகையை எடுக்கிறேல்லை எண்டா எச்-க்குள்ளயும் சேராது. ஸ்கொலர் ஆய்வேட்டையும் மாநாட்டுக் கட்டுரையையும் எண்ணும், அதால அங்க பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். எண்ணை எழுதேக்க எந்தத் தளம், எந்தத் திகதி எண்டு பக்கத்தில போடுங்கோ. நுளம்புக் கட்டுரையை டி.ஓ.ஐ. எண்ணோட (கட்டுரைக்குரிய நிரந்தர அடையாள எண்) பட்டியலில சேருங்கோ, வவுனியாவில களத்தில நிண்டு செய்த வேலை அது. ஸ்கோப்பஸ் பதில் வர முதல் கடைசித் திகதி வந்திட்டா, மூண்டு ஐடியையும் எழுதி, ஒண்டாக்கக் கேட்டிருக்கெண்டு ஒரு வரி போட்டாக் காணும்.