ஆர்.ஓ. (நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும்) பிளான்ட்டின் கடைசி மெம்பிரேனில் (வடிகட்டும் சவ்வில்) வெள்ளைப் படிவு, சிட்ரிக்குக்கும் கரையவில்லை

பிறை ஆபரேட்டர்: உப்புக் கழிவுநீர், ரிக்கவரி (உள்ளே போகும் நீரில் நல்ல நீராக வெளிவரும் பங்கு) 80%. 2% சிட்ரிக் ஆசிட்டில் கழுவியாச்சு, படிவு அப்படியே இருக்கு. ஃபீட் (உள்ளே போகும் நீர்) பி.எச்.சை இறக்கலாமா அண்ணே?

நீர்க்கணக்கன்: படிவைச் சுரண்டி ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விடுங்க. நுரைத்தால் கார்பனேட். நுரைக்காமல் ஊசி ஊசியாகக் கிடந்தால் பெரும்பாலும் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்); அதற்கு பி.எச். இறக்கிப் பயனில்லை. கந்தக அமிலம் விட்டால் சல்ஃபேட் ஏறி இன்னும் மோசமாகும். ரிக்கவரி 80 சதவீதத்தில் கழிவாக மிஞ்சும் நீரில் உப்பு 5 மடங்கு செறியும், 75-இல் 4 மடங்குதான். முதலில் ரிக்கவரியைக் குறைங்க. கழுவ ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் ரசாயனம்), பி.எச். 11-க்கு மேல், மெம்பிரேன் தாங்கும் எல்லைக்குள். இரவு முழுக்க ஊறட்டும்.

பினாங்குத் தம்பி: பிளான்ட்டை நிறுத்தும்போது பெர்மியேட்டால் (சுத்தமாகி வந்த நீரால்) ஃப்ளஷ் பண்றீங்களா? ஆன்டிஸ்கேலன்ட் (படிவுத் தடுப்பு ரசாயனம்) படிவு உருவாவதைத் தாமதப்படுத்தத்தான் செய்யும். உள்ளே தேங்கிய கான்சன்ட்ரேட் (செறிந்த உப்புநீர்) மணிக்கணக்கில் நின்றால் படிகமாகிவிடும்.