பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடுகிறது, கேஸ் போட்டே ஆக வேண்டுமா?

காவிரிக்கரை:
வணக்கம். எங்களிடம் இருப்பது 165 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். 1980களின் கடைசியில் அப்பா வாங்கியது. கனத்த இரும்பு உடம்பு, கதவில் சாவிப் பூட்டு, உள்ளே மேலே சின்ன அலுமினிய ஃப்ரீசர். இத்தனை வருஷத்தில் தெர்மோஸ்டாட் மாற்றியதோடு சரி, வேறு செலவே வைக்கவில்லை.

போன மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து உறையூருக்கு வீடு மாறினோம். வந்ததிலிருந்து கம்ப்ரசர் நிற்பதே இல்லை. ராத்திரி தெருச் சத்தம் அடங்கிய பிறகு கவனித்தால் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. மத்தியானத்தில் எப்போதாவது நிற்கிறது, ஆனால் சில நிமிஷத்தில் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். கம்ப்ரசர் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா சுடுதும்மா, கேஸ் இறங்கிப்போச்சு. கேஸ் போட்டுப் பார்க்கலாம், சரிவரலைன்னா கம்ப்ரசர்தான்" என்றார்.

செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய ஃப்ரிட்ஜில் ஒருமுறை பைப்பை வெட்டிவிட்டால் அப்புறம் முன்பு போல இருக்காது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இதைத் தூக்கிக் கொடுக்க அம்மாவுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. கேஸ் போடுவதற்கு முன்னால் நாங்களே பார்க்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

பழைய மெக்கானிக்:
சகோதரி, இப்போதைக்குப் பைப்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கம்ப்ரசர் சுடுவதை வைத்து கேஸ் குறைவு என்று சொல்ல முடியாது. நல்ல நிலையில் ஓடும் கம்ப்ரசரே கை பொறுக்காத அளவுக்குச் சுடும்.

"நிற்காமல் ஓடுகிறது" என்பது பாதி விவரம்தான். உள்ளே எப்படிக் குளிர்கிறது என்று தெரிய வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தும் குளிரவில்லை என்றால் கேஸ், கம்ப்ரசர், கதவு ரப்பர் என்று யோசிக்கலாம். ஓடிக்கொண்டே இருந்து, தேவைக்கு மேல் குளிர்கிறது என்றால் கேஸ் பற்றிப் பேசவே வேண்டாம். கேஸ் இருப்பதால்தானே அப்படிக் குளிர்கிறது!

ஆகவே, மேல் தட்டில் வைக்கும் பால், தயிர் உறைகிறதா என்று பாருங்கள். ஃப்ரீசரில் பனி நாலு பக்கமும் சீராகப் படிந்திருக்கிறதா, ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேஸ் குறைந்தால் கேஸ் நுழையும் பக்கத்தில் மட்டும் பனி கட்டும், மிச்சத் தகடு வெறும் ஈரமாக இருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத் தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் அதில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இவ்வளவு கீழே காட்டாது, வேறு வேண்டும். 3 முதல் 5 டிகிரி என்றால் சரியான குளிர்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட் குமிழை ஆஃபில் வையுங்கள். கம்ப்ரசர் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், முன்பு யாரோ தெர்மோஸ்டாட்டை டைரக்ட் பண்ணிவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்பேர் கிடைக்காதபோது இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போவது நம் ஊரில் நடக்கிற வேலைதான்.

வைகை மைந்தன்:
வீடு மாறியதிலிருந்து என்கிறீர்களே, புது வீட்டில் எங்கே வைத்திருக்கிறீர்கள்? பின்னால் இருக்கும் கறுப்புக் கம்பி வலைதான் உள்ளேயிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிறது. இந்த மாதிரி ஃப்ரிட்ஜில் அதற்கு ஃபேன் கிடையாது. சூடான காற்று தானாக மேலே ஏற வேண்டும், கீழேயிருந்து புதுக் காற்று வர வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தாலோ, தலைக்கு மேல் ஸ்லாப் மூடியிருந்தாலோ, பக்கத்தில் அடுப்பு இருந்தாலோ அது நடக்காது. பின்னால் அரை அடியாவது விடுங்கள். வலையில் ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பிரஷ்ஷால் துடையுங்கள்.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் உடம்புக்கும் நடுவே வைத்துக் கதவை மூடி மெதுவாக இழுங்கள். பிடித்து இழுத்தால்தான் வர வேண்டும், சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. கதவைச் சுற்றி நாலு பக்கமும் செய்யுங்கள், கீல் இருக்கும் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்து மூடினாலும் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும்.

மாங்கனி நகர்:
அந்த டார்ச் சோதனையின்போது இன்னொன்றும் கவனியுங்கள். கதவு மூடியும் உள்ளே பல்பு எரிந்துகொண்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான், பல்புக்கான பட்டன் ஸ்விட்ச் அழுக்கேறி உள்ளே போகாமல் வெளியிலேயே மாட்டிக்கொண்டது. 15 வாட் குண்டு பல்பு எந்நேரமும் எரிந்தால் பெட்டிக்குள் சின்ன அடுப்பு வைத்த மாதிரிதான். கதவைத் திறந்து பட்டனை விரலால் அழுத்தினால் பல்பு அணைய வேண்டும்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

குமிழை ஆஃபில் வைத்தால் உடனே நிற்கிறது. ஆனால் 1இல் வைத்தாலும் 5இல் வைத்தாலும் ஒரே மாதிரிதான், நிற்பதே இல்லை. ஃப்ரீசரில் நாலு பக்கமும் கனமாகப் பனி. ஐஸ் டிரே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்த தக்காளி கல் மாதிரி உறைந்துவிட்டது. டம்ளர் தண்ணீர் காலையில் 1 டிகிரி காட்டியது. பல்பு சரியாக அணைகிறது. ரூபாய் நோட்டு மூன்று பக்கம் நன்றாகப் பிடிக்கிறது, கீழே வலது மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது.

வைத்திருக்கும் இடம் சமையலறைச் சுவரில் விட்ட பள்ளம். இரண்டு பக்கமும் சுவர், மேலே ஸ்லாப், பின்னால் நாலு விரல் இடம் இருந்தால் அதிகம். இனி கூடத்துக்கு மாற்றுகிறோம். பனியைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாமா?

பழைய மெக்கானிக்:
கத்தி வேண்டவே வேண்டாம். அந்த அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் வழி இருக்கிறது. ஒரு குத்து பட்டால் அதோடு ஃப்ரீசர் போச்சு, அதன்பின் நிஜமாகவே கேஸ் போட வேண்டிய நிலை வரும். நான் பார்த்த ஓட்டை ஃப்ரீசர்களில் பெரும்பாலானவை கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் செய்த வேலை. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவையுங்கள், ஒரு பாத்திரத்தில் வெந்நீரை ஃப்ரீசருக்குள் வைத்தால் சீக்கிரம் உதிரும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. பனி நாலு பக்கமும் சீராக இருக்கிறது, தக்காளி உறைகிறது, தண்ணீர் 1 டிகிரி. கேஸும் கம்ப்ரசரும் நன்றாக இருக்கின்றன. நிறுத்த வேண்டியது நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

பனி முழுக்க உருகிய பிறகு, பிளக் பிடுங்கியபடியே, தெர்மோஸ்டாட் பெட்டியிலிருந்து வரும் ஒரு மெல்லிய குழாயைத் தேடுங்கள். அகல் திரி கனம்தான் இருக்கும், சிலதில் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். அதன் நுனி, சுமார் அரைச் சாண் நீளம், ஃப்ரீசர் தகட்டோடு ஒரு கிளிப்பில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். அந்தக் குழாய்க்குள் அடைத்த வாயு தகட்டின் குளிரில் சுருங்கும்போதுதான் தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டும். தகடு பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரி போனால்தான் வெட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள். குழாய் கிளிப்பிலிருந்து நழுவிக் காற்றில் தொங்கினால் அந்தக் குளிர் அதற்குத் தெரியவே தெரியாது. 1இல் வைத்தாலும் 5இல் வைத்தாலும் ஒன்றுதான்.

மத்தியானத்தில் நிற்கிறது என்றீர்களே, அது தெர்மோஸ்டாட் இல்லை என்று நினைக்கிறேன். கம்ப்ரசர் அளவுக்கு மீறிச் சூடாகி அதன் பக்கத்தில் இருக்கும் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் கட் ஆகியிருக்கும். அடுத்த முறை காதை வைத்துக் கேளுங்கள். டிக் சத்தம் உள்ளே பல்பு பக்கம் கேட்டால் தெர்மோஸ்டாட், பின்னால் கீழே கேட்டால் ஓவர்லோட். பள்ளத்திலிருந்து வெளியே எடுத்ததே அதற்குப் பாதி வைத்தியம். வோல்டேஜும் பாருங்கள், கோடை மாலைகளில் 180க்கு இறங்கும் தெரு என்றால் ஸ்டெபிலைசர் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
மாற்றுக் கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் ஓடும்போது சுமார் 125 வாட் எடுக்கும் என்று வையுங்கள். நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 3 யூனிட், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். நம் மின்வாரியத்தில் முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால் விகிதமே மாறிப் பில் எகிறுகிறது. இப்போது வரும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களின் நட்சத்திர லேபிளில் வருஷத்துக்கே 200 யூனிட்டுக்குள்தான் போட்டிருக்கிறார்கள். நம் வெயிலில் அதைவிடக் கூடத்தான் ஓடும், ஆனாலும் வித்தியாசம் பெரியது. பாசத்தை மதிக்கிறேன், இந்தக் கணக்கையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய மெக்கானிக்:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. ஆனால் 180 யூனிட் என்பது கோளாறோடு ஓடும் கணக்கு. சரியாக நின்று நின்று ஓடினால் அது ஏறக்குறைய பாதியாகும். முதலில் கோளாறைச் சரிசெய்துவிட்டு, ஒரு பில் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

காவிரிக்கரை:
ஐயா, நீங்கள் சொன்னபடியே இருந்தது! பனி உருகியதும் பார்த்தால் ஃப்ரீசரின் வலது பக்கத்தில் கிளிப் இருக்கிறது, குழாய் அதிலிருந்து வெளியே வந்து கீழே வளைந்து தொங்குகிறது. கிளிப்பின் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. வண்டியில் வரும்போது நழுவியிருக்கும் என்று நினைக்கிறோம். குழாயைச் சட்டென்று மடக்கினால் உடைந்துவிடுமோ என்று மெல்ல மெல்ல நேராக்கி, தகட்டில் ஒட்டவைத்து, புது ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம்.

கூடத்தில் வைத்து ஓடவிட்டோம். முதலில் நீண்ட நேரம் ஓடியது, அப்புறம் உள்ளே டிக் என்று கேட்டு நின்றது. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார், கரண்ட் போய்விட்டதோ என்று. இப்போது ராத்திரியில் 10 நிமிஷம் ஓடினால் 15 நிமிஷம் நிற்கிறது. பகலில் ஓடும் நேரம்தான் அதிகம். தண்ணீர் 4 டிகிரி. தக்காளி உறையவில்லை.

பழைய மெக்கானிக்:
மிக்க சந்தோஷம். திருச்சி வெயிலில் பகலில் பாதிக்கு மேல் ஓடுவது இயல்புதான். மிச்சம் இருப்பது அந்த வலது மூலை ரப்பர். பழைய பிவிசி ரப்பர் இறுகிப்போயிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்து இளகியதும் வெளிப்பக்கமாக இழுத்துவிட்டுக் கதவை மூடி வையுங்கள், பெரும்பாலும் உட்கார்ந்துவிடும்.

கொள்ளிடம்:
இழையில் நடுவே நுழைகிறேன் ஐயா. எங்களுக்கு இதே வயசு ஃப்ரிட்ஜ், இதே பிரச்சினை, ஆனால் உள்ளே குளிரே இல்லை. பனி மேல் மூலையில் ஓர் உள்ளங்கை அளவுதான். பின்பக்க வலையும் லேசான சூடுதான். அப்படியானால் எங்களுக்குக் கேஸ்தானா?

பழைய மெக்கானிக்:
ஆமாம் தம்பி, உங்களுடையது கேஸ் குறைந்த அடையாளம். கேஸ் ஃப்ரீசருக்குள் போகும் கேபிலரி என்ற மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே மாதிரி வரும் என்பதால் மெக்கானிக் இரண்டையும் பார்க்க வேண்டும். கேஸ் தானாகத் தீராது, எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே நிரப்புபவரிடம் கொடுக்காதீர்கள்.

என்ன கேஸ் போடப் போகிறார் என்றும் கட்டாயம் கேளுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜில் முதலில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே அதைக் கைவிட்டது, நம் நாட்டில் 2010 தொடக்கத்தோடு முடிந்தது. அதற்குப் பதில் ஆர்-134ஏ போடுகிறேன் என்றால், பழைய கம்ப்ரசரில் இருக்கும் மினரல் ஆயிலோடு அது கலக்காது என்று சொல்லுங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் போட்டால் ஆயில் குழாய்களில் தங்கி, கம்ப்ரசர் வறண்டு போகும். புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலந்த ஹைட்ரோகார்பன் கேஸ் பழைய ஆயிலோடு ஒத்துப்போகும். ஆனால் அது எரியும் வாயு, பழைய பெட்டியில் தெர்மோஸ்டாட்டும் பல்பு ஸ்விட்சும் உள்ளேயே பொறி விடும் இடத்தில் இருக்கின்றன. அது தெரிந்து, அந்த கேஸில் பழகிய ஆள் மட்டுமே செய்ய வேண்டும்.

காவிரிக்கரை:
ஐயா, வெந்நீர்த் துணி வைத்தும் அந்த மூலை முழுசாக உட்காரவில்லை. இந்த மாடலுக்கு இப்போது ரப்பர் கிடைக்குமா?

பழைய மெக்கானிக்:
அதே மாடல் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஸ்பேர் கடைகளில் அளவு சொன்னால் வெட்டி, மூலைகளை ஒட்டித் தருவார்கள். அளவை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள், பழைய ரப்பரிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். கதவின் பள்ளத்தில் நுழையும் பின்பக்க வடிவம் ஒத்துப்போனால்தான் மாட்டும். வெட்டிய இடத்தைப் புது ரப்பர் வரும்வரை செல்லோ டேப்பால் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.