கனமான வீட்டுச் சாதனங்களைக் குறைந்த செலவில் வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்வது எப்படி?

நீலவானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பணிமாற்றம் காரணமாக எங்கள் குடும்பம் இன்னும் சில மாதங்களில் வேறொரு நாட்டில் குடியேற இருக்கிறது. இடமாற்றச் செலவில் ஒரு பகுதியை மட்டுமே நிறுவனம் ஏற்கிறது. எஞ்சியது எங்கள் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். வீட்டில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ், முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அவன், தொலைக்காட்சி, என் தாயார் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் தையல் இயந்திரம் ஆகியவை இருக்கின்றன. தையல் இயந்திரம் வார்ப்பிரும்புக் கால்களுடன் கூடியது. பின்னாளில் மோட்டார் பொருத்தினோம். எல்லாமே நல்ல நிலையில் இருப்பவை. விற்றால் வாங்கிய விலையில் சிறு பகுதிகூடத் தேறாது, போகும் இடத்தில் அனைத்தையும் புதிதாக வாங்கவும் கையில் பணம் போதாது.

விமானத்தில் அனுப்புவது கட்டுப்படியாகாது என்பது முதல் விசாரிப்பிலேயே தெரிந்துவிட்டது. கப்பலில் அனுப்பலாம் என்றால், முழுக் கன்டெய்னரை எடுக்கும் அளவுக்கு எங்களிடம் பொருள் இல்லை. கன்டெய்னரில் ஒரு பகுதியை மட்டும் தருவதற்குச் சரக்கு நிறுவனங்கள் சொல்லும் தொகைகளோ ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டுக்கான காரணமும் விளங்கவில்லை. இங்கே 230 வோல்ட், அங்கே 220 வோல்ட் என்பதால் மின்சாரத்தில் சிக்கல் இராது என்று எண்ணுகிறேன். எவற்றை எடுத்துச் செல்லலாம், எவற்றை விட்டுவிடலாம், செலவை எங்கே குறைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்சுற்று:

வணக்கம் ஐயா. சரக்குக் கட்டணத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஒன்று, ஒவ்வொரு சாதனத்தின் பின்புறத்திலோ கதவின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் சிறிய விவரத் தகடு. அதில் வோல்ட் எண்ணுக்கு அடுத்து ஹெர்ட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். அதுதான் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை சுற்று முன்னும் பின்னும் மாறுகிறது என்ற கணக்கு. மின்னழுத்தம் ஒத்துப்போனாலும் அதிர்வெண் ஒத்துப்போகாத நாடுகள் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தென்கொரியாவில் 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் நாடு முழுவதும் 100 வோல்ட்தான் என்றாலும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் ஓடுகின்றன. எனவே நீங்கள் போகும் நாட்டின் 220 வோல்ட் எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மின்னழுத்த வேறுபாட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சரிசெய்யலாம். அதிர்வெண்ணை அது மாற்றாது. அதை மாற்றும் கருவிகளின் விலை பெரும்பாலும் சாதனத்தின் விலையையே எட்டிவிடும். சாதாரண இண்டக்ஷன் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்டதை 60 ஹெர்ட்ஸில் இணைத்தால் அது ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதல் வேகத்தில் சுழல முயலும், அதே நேரத்தில் அதன் முறுக்குவிசை குறையும். பழைய வகை ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் தொடங்கும்போதே திணறுவதும் சூடேறுவதும் இதனால்தான். அதற்கு மாறாக, 60 ஹெர்ட்ஸுக்கான டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் பயன்படுத்தினால் அதன் இரும்பு உள்ளகம் காந்தப் பூரிதம் (மேலும் காந்தமேற இடமில்லாத நிலை) அடைந்து அளவுமீறிச் சூடேறத் தொடங்கும். அத்தகைய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மைக்ரோவேவ் அவன்களை இடம் மாற்றக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வெப்பக் கம்பி மட்டுமே உள்ள சாதனங்களுக்கு அதிர்வெண் பொருட்டல்ல, அவற்றுக்கு மின்னழுத்தம்தான் முக்கியம். 240 வோல்ட்டுக்கான கம்பியை 120 வோல்ட்டில் இணைத்தால் வெப்பம் பாதியாகாது, நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கார்பன் பிரஷ் கொண்ட யுனிவர்சல் மோட்டார்கள் அதிர்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. தையல் இயந்திரங்களில் பின்னாளில் பொருத்தப்படும் மோட்டார்கள் பெரும்பாலும் அந்த வகைதான், தங்கள் தாயாருடையதும் அப்படித்தானா என்று பார்க்கவும். தகட்டில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

துறைமுகவாசி:

நான் சரக்கு அனுப்பும் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன். தொகைகள் வேறுபடுவதற்கான காரணத்தைச் சொல்கிறேன். பகுதிக் கன்டெய்னரில் கட்டணம் எடைக்கு மட்டும் அல்ல. 1 கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இவற்றில் எது கூடுதலோ அதன்படி கணக்கிடப்படும். வீட்டுச் சாதனங்கள் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு 1,000 கிலோவை எட்டுவதில்லை. ஆகவே தாங்கள் பணம் கொடுப்பது இடத்துக்குத்தான்.

அந்த இடத்தையும் பேக்கிங் செய்த பிறகே அளப்பார்கள். 70 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழம், 180 செ.மீ. உயரமுள்ள ஒரு ஃப்ரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே அளந்தால் 0.95 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நுரைப்பலகை, அட்டை, மரச்சட்டம், அடிப்பலகை எல்லாம் சேர்ந்து 80, 85, 195 செ.மீ. என்று ஆகிவிட்டால் 1.33 கன மீட்டர். அதாவது 40 விழுக்காடு கூடுதல். வாஷிங் மெஷின் போன்ற சிறிய பொருளில் இந்த விகிதம் இன்னும் அதிகம்: 60, 60, 85 செ.மீ. என்பது 70, 70, 100 செ.மீ. ஆனால் 60 விழுக்காடு கூடிவிடும். வெற்று அளவை வைத்துக் குறைந்த தொகை சொல்லும் நிறுவனமும், பேக்கிங்குக்குப் பிந்தைய அளவை வைத்துக் கூடுதலாகச் சொல்லும் நிறுவனமும் முடிவில் ஒரே பில்லைத் தரக்கூடும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு இறங்கும் துறைமுகத்தில் இருக்கிறது. கப்பல் கட்டணத்தை மிகக் குறைவாகக் காட்டிவிட்டு, கன்டெய்னரைப் பிரித்துத் தனித்தனியாக எடுத்துவைக்கும் கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம், சுங்கப் பரிசோதனைச் செலவு, சரக்கை வாடகையின்றி வைத்திருக்க அனுமதிக்கும் இலவச நாட்கள் முடிந்த பின் ஏறும் வாடகை, வீடுவரை கொண்டுவரும் லாரி வாடகை ஆகியவற்றை அங்குள்ள முகவர் மூலம் வசூலிக்கும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. சரக்கு அவர் கையில் இருக்கும்போது பேரம் பேசும் வலிமை தங்களுக்கு இராது. எனவே இங்கே வீட்டு வாசலில் தொடங்கி அங்கே வீட்டு வாசல் வரை ஆகும் எல்லாச் செலவையும், இலவச நாட்கள் எத்தனை என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் நிறுவனத்தை அத்துடன் விட்டுவிடலாம். பலர் குறைந்தபட்சம் 1 கன மீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள் என்பதால், ஒரு சிறு பொருளைத் தனியாக அனுப்புவதும் வீண்.

சுங்கத்தையும் இப்போதே பாருங்கள். குடிபெயர்வோரின் பயன்படுத்திய வீட்டுப்பொருட்களுக்குப் பல நாடுகளில் தீர்வை விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியின்படி வருபவர் குறைந்தது 12 மாதங்கள் ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும். பொருளைக் குறைந்தது 6 மாதங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த பின் 12 மாதங்களுக்கு அதை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. தாங்கள் செல்லும் நாட்டின் விதியை அந்நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்திலேயே படித்துக்கொள்ளுங்கள், முகவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பயணத்துக்காகப் புதிய ஃப்ரிட்ஜ் வாங்கி அனுப்பலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் இந்த 6 மாதக் கணக்கை நினைவில் வையுங்கள்.

நீலவானம்:

இருவருக்கும் மிக்க நன்றி. விசாரித்துப் பார்த்ததில் அங்கே 60 ஹெர்ட்ஸ் என்று தெரியவந்தது. ஃப்ரிட்ஜின் தகட்டில் 220–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. இன்வர்ட்டர் கம்ப்ரசர் என்றும் எழுதியிருக்கிறது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் இரண்டிலும் 50 ஹெர்ட்ஸ் மட்டுமே. தொலைக்காட்சியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். தையல் மோட்டாரில் கார்பன் பிரஷ் இருக்கிறது. வாஷிங் மெஷினிலும் இன்வர்ட்டர் மோட்டார் என்று விளம்பரம் ஒட்டியிருக்கிறதே, அதை நம்பி எடுத்துச் செல்லலாமா?

மின்சுற்று:

வேண்டாம் ஐயா. டிரம்மைச் சுழற்றும் மோட்டார் இன்வர்ட்டர் வழியாக, அதாவது வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தானே மாற்றித் தரும் மின்னணுச் சுற்றின் வழியாக ஓடுவது உண்மைதான். அதற்கு அதிர்வெண் பெரிய தடையல்ல. ஆனால் பல மாடல்களில் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் சிறிய பம்ப், சுவர் பிளக்கிலிருந்து வரும் மின்சாரத்திலேயே நேரடியாக ஓடும் சின்க்ரனஸ் வகை, அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ற வேகத்திலேயே சுழல்வது. அது 60 ஹெர்ட்ஸில் கூடுதல் வேகத்தில் ஓடித் தேயும். உற்பத்தியாளர் 50 என்று மட்டும் அச்சிட்டிருக்கும்போது வேறு ஓர் எண்ணுக்குப் பொறுப்பேற்பவர் யாரும் இல்லை. வாரண்டியும் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். வாஷிங் மெஷினையும் மைக்ரோவேவையும் இங்கேயே விற்றுவிடுங்கள். விற்கும்போது, மெஷின் வந்த அன்று கழற்றிவைத்த டிரான்சிட் போல்ட்டுகள் வீட்டில் இருந்தால் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எடுத்துச் செல்லும் வழியில் டிரம் ஆடாமல் இருக்கும்.

ஃப்ரிட்ஜ், தொலைக்காட்சி, தையல் இயந்திரம் மூன்றும் போகலாம். தொலைக்காட்சியைப் பொறுத்தவரை மின்சாரம் பொருந்தினாலும் ஆன்டெனா வழி ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு வேறு. இணையம் வழியாக மட்டும் பார்ப்பதென்றால் அது ஒரு பொருட்டல்ல.

நெடும்பயணி:

பேக்கிங் பணியில் இருப்பவன் என்ற முறையில் சில குறிப்புகளைச் சேர்க்கிறேன். ஃப்ரிட்ஜைப் பேக்கிங் நாளுக்கு ஒரு நாள் முன்பே அணைத்து, கதவுகளைத் திறந்துவைத்து, பனி முழுவதும் உருகி வடிய விட வேண்டும். பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே சிறிய தண்ணீர்த் தட்டு ஒன்று இருக்கும், பலர் அதை மறந்துவிடுவார்கள். அதில் தேங்கிய நீர் வழியில் சிந்தி அட்டையை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். கதவு ரப்பரின் மடிப்புகளைப் பழைய துணியால் துடைத்துக் காயவைத்து, கதவு முழுதாக மூடாதபடி இடையில் ஒரு சிறு துணிச்சுருளை வைத்துக் கட்டினால் கடல்வழி வாரங்களில் துர்நாற்றம் சேராது. கன்டெய்னருக்குள் பகல் வெயிலில் ஈரம் ஆவியாகி, இரவுக் குளிரில் கூரையிலிருந்து சொட்டுவது இயல்பு. ஈரம் உறிஞ்சும் பைகளை உள்ளே போடுங்கள்.

துறைமுகவாசி சொன்னதுபோல் நீங்கள் காசு கொடுப்பது இடத்துக்கு. ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் அதே காசுதான். கண்ணாடித் தட்டுகளை எடுத்துத் தனியே சுற்றிவிட்டு, நன்றாகக் காய்ந்த போர்வை, துணிகளை இறுக்கமில்லாமல் உள்ளே அடுக்கலாம். அவற்றையும் பொருட்பட்டியலில் எழுத வேண்டும், நிறுவனத்தின் சம்மதத்தையும் முன்னரே பெற வேண்டும். சில நிறுவனங்கள் இதை ஏற்பதில்லை.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைக்கக் கூடாது. படுக்கவைத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கு அம்புக்குறியை ஒட்டுங்கள். அப்படியும் வழியில் சாய்ந்திருக்கலாம் என்பதால், போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு மின்சாரம் கொடுங்கள். மரச்சட்டம் அடிப்பதாக இருந்தால் அந்த மரத்தில் கோதுமைக் கதிர் வடிவ முத்திரை இருக்க வேண்டும். அது ஐஎஸ்பிஎம் 15 என்னும் பன்னாட்டு விதிப்படியான முத்திரை. மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றுவது அதில் ஏற்கப்பட்ட முறைகளுள் ஒன்று. முத்திரையில்லாத பழைய பலகையை மலிவாகக் கிடைக்கிறதென்று அடித்தால், இறங்கும் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவைப்பார்கள்.

காப்பீட்டில் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தாமே கட்டிய பெட்டிகளில் உடைவதற்குப் பல காப்பீடுகள் இழப்பீடு தருவதில்லை; வெளியே அடி தெரியாமல் உள்ளே பழுதானாலும் தருவதில்லை. ஆகவே கண்ணாடியுள்ள தொலைக்காட்சியை மட்டுமாவது நிறுவனத்தையே பேக்கிங் செய்யச் சொல்லி, மற்றவற்றை நீங்களே செய்யலாம். கப்பலைக் காப்பாற்ற நேரும் அசாதாரணச் செலவைச் சரக்கு உரிமையாளர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் ஜெனரல் ஆவரேஜ் என்னும் பழைய கடல் மரபும் இருக்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் தரைதட்டிய எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் அதை அறிவித்தார். அத்தகைய நேரத்தில் காப்பீடு இல்லாதவர் தம் பங்குக்குப் பணம் கட்டியோ உத்தரவாதம் கொடுத்தோதான் பொருளை மீட்க முடியும்.

தையல் இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கால்களிலிருந்து கழற்றி, ஊசியை எடுத்துவிட்டு, இரும்புப் பரப்புகளில் மெல்லிய எண்ணெய் தடவி, தனிப் பெட்டியில் நிமிர்ந்த நிலையில் வையுங்கள். வார்ப்பிரும்பு கனமானது என்றாலும் அடிபட்டால் உடையக் கூடியது. ஆகவே கால்களையும் சக்கரத்தையும் பிரித்து, ஒவ்வொன்றையும் கம்பளத்தில் சுற்றி, தட்டையாக அடுக்கினால் இடமும் குறையும், உடையவும் உடையாது. கழற்றிய திருகுகளை ஒரு துணிப்பையில் போட்டுத் தலைப்பகுதியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பழைய மாடலின் திருகுகள் அங்கே கடையில் கிடைப்பது அரிது.